டெலிபோன்காரரின் பஞ்சுத் தாடி

பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து மூணாறுக்கு ஏறும் ரோட்டில் அண்ணன் எனக்கு இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். என் முகத்தில் பாதித் தாடி இருந்தது. மீதியைப் பிய்த்துக் கோட்டுப் பையில் திணித்திருந்தேன். மைதாப் பசை காய்ந்து கன்னத்தை இழுத்தது. கோட்டு எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்குடையது. முழங்காலுக்குக் கீழே தொங்கி, நடக்க நடக்கக் காலைத் தட்டியது.

அண்ணனுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே. அவனைப் பின்னாலிருந்து கூப்பிட எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சின்னக் கல்லாகப் பொறுக்கி, அவன் தலைக்கு மேலாக எறிந்து, காலுக்கு முன்னால் விழவைப்போம். ஒரு கல் விழுந்தால், நில். இரண்டு விழுந்தால், சோறு ஆகிவிட்டது, வா. அன்று நான் ஏழெட்டுக் கல் எறிந்திருப்பேன். அவன் ஒவ்வொன்றையும் பார்த்தான். தாண்டிப் போனான்.

ஓடிப்போய்ச் சட்டை நுனியைப் பிடித்தேன். உதறிவிட்டான். சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தான். காது கேட்காதவன் கண்ணையும் மூடிக்கொண்டால் அவனிடம் எதையும் சொல்ல முடியாது. தப்புப் பண்ணிவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினேழு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் நின்றிருந்தோம்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்து டெலிபோன் நினைவிருக்கும். ஆபீஸ் மேஜையில் கறுப்பாக, பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும். எங்கள் எஸ்டேட்டில் அது மணியடித்தால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள், அல்லது பெரிய துரை வருகிறார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகள் யாரும் அதைத் தொட்டதில்லை. அதைக் கண்டுபிடித்த தாடிக்காரரின் பெயர் உங்களுக்குத் தெரியும். இந்தக் குறிப்பில் யாருக்கும் பெயர் வைக்கப்போவதில்லை, அவருக்கும் வேண்டாம். அவர் வாழ்க்கையில் பாதியை எங்களுக்கு ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாதிதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் ரோல் ரூமில் வேலை. வாடிய இலையை உருட்டிக் கசக்குகிற இயந்திரங்கள் எட்டோ பத்தோ ஒரே கூடத்தில் ஓடும். மேலே நீளமாக ஒரு தண்டு சுற்றும், அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோல் பெல்ட்டு இறங்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால், அழுத்தத்தைக் குறை. கழுத்தில் டையை இழுத்துவிடுவதுபோல் காட்டினால், துரை வருகிறார். ஒரு உள்ளங்கையின்மேல் இன்னொன்றை வைத்து வழுக்கினால், பெல்ட்டு நழுவுகிறது. ஆள்காட்டி விரலை மூக்கு நுனியில் வைத்தால், இலை பதமாகிவிட்டது, இனி எடுக்கலாம்.

மூத்த பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அப்பா இந்தக் கையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதில் அடுப்படியைச் சேர்த்தாள். அண்ணன் மரம், மழை, நாய், கோபம் எல்லாவற்றையும் சேர்த்தான். லயத்தில் ஒவ்வொருவருக்கும் அவன் ஒரு கைப்பெயர் வைத்திருந்தான். டிஸ்பென்சரி கம்பவுண்டருக்கு, ஊசி போட்ட இடத்தைத் தேய்ப்பது. என் பெயர், சட்டை நுனியைக் கீழே இழுப்பது. நடக்கக் கற்றதிலிருந்து நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேனாம்.

“ரோல் ரூமுக்குள்ள வந்துட்டா இவன் என்ன, நான் என்ன? அங்க எல்லாவனும் செவிடந்தாம்லே,” என்று அப்பா சொல்வார். பதினெட்டு முடிந்ததும் அண்ணனை அங்கே சேர்த்துக்கொள்வதாக, ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் தலையாட்டியிருந்தார். அதுவரை அவன் ஃபேக்டரிப் பின்கட்டில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவருக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளில் அவனே அடித்தான்.

அந்த வருஷம்தான் பாலக்காட்டிலிருந்து புது வாத்தியார் வந்தார். ஒல்லியான ஆள். குளிருக்கு மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டியிருப்பார். தமிழில் பேச ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். ஊரில் மாம்பழம் மாசியிலேயே வந்துவிடும், முதலமடைப் பக்கம் லாரி லாரியாக ஏற்றுவார்கள் என்று ஏக்கமாகச் சொல்வார். கெட்ட மனுஷன் இல்லை. இதை இப்போதும் சொல்வேன். அவர் ஒரு பாடத்தை ரொம்ப நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பாடம் டெலிபோன்காரர். புத்தகத்தில் ஒரு பக்கம்தான். வாத்தியார் அதை ஒரு மாதம் நடத்தினார்.

“அவரோட அம்மாக்குக் காது சரியாக் கேக்காது, கேட்டேளாடா? எல்லாரும் குழல் மாதிரி ஒண்ணைக் காதுல வெச்சுக் கத்துவா. இவர் மட்டும் அம்மாவோட நெத்தியில வாயை வெச்சு மெதுவாப் பேசுவார். அவளுக்குக் கேக்கும்! மனசிலாச்சா? எலும்பு வழியாச் சத்தம் போகும்.”

சாயந்தரம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சோறு வடித்த கையைத் துடைத்துவிட்டு, அண்ணனைப் பக்கத்தில் இழுத்து, அவன் நெற்றியில் வாயை வைத்து “ஏய்யா... ஏய்யா...” என்றாள். அவன் கூச்சப்பட்டு நெளிந்தான். மூச்சு சுடுகிறது என்று கையால் சொன்னான். பிறகு சிரித்தான். அம்மா திரும்பத் திரும்ப வைத்தாள். எனக்குப் பசி. ‘போதும்மா’ என்றேன். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் அம்மாவே வாத்தியார் வீட்டுக்குப் போய், மூத்தவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

வாத்தியார் இன்னொரு கதையும் சொன்னார். டெலிபோன்காரர் சின்ன வயதில் தன் அண்ணனோடு சேர்ந்து ஒரு பேசும் தலை செய்தாராம். தொண்டைக்குக் குழாய், வாய்க்கும் நாக்குக்கும் ரப்பர். அண்ணன் குழாயில் ஊத, இவர் உதட்டை அசைக்க, அந்தத் தலை ‘மாமா’ என்று சொன்னதாம். அந்த ஊர்ப் பாஷையில் அம்மா என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ குழந்தை அழுகிறது என்று எட்டிப் பார்த்தாராம். நாங்கள் சிரித்துப் புரண்டோம். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு தலை தயாராகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் எதுவும் தோன்றாது.

தாடிக்காரர் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வாத்தியார். அந்த வேலையில் சத்தத்தைத் துருவித் துருவிப் போய்த்தான் டெலிபோனைப் பிடித்தார். எங்கள் வாத்தியாரும் அதே வழியில் இறங்கினார். அண்ணனின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். அதிர்வு தெரிகிறதா? அதே அதிர்வை உன் தொண்டையில் கொண்டுவா. கண்ணாடியில் மூச்சு படியவேண்டும். மெழுகுவர்த்திச் சுடர் ஆடவேண்டும். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம்.

அதற்கு ஒரு நிபந்தனை. வீட்டில் யாரும் கையால் பேசக்கூடாது.

அப்பா தயங்கினார். “சார், அவனுக்கு வேற பேச்சு கெடையாதே.”

“கை இருக்கிற வரைக்கும் வாய் வராது. தாடிக்காரரே அப்படித்தான் சொன்னார். இந்தக் கையை உங்க ஃபேக்டரியில நாலு பேர் புரிஞ்சுப்பா. எஸ்டேட் கேட்டுக்கு வெளியில போனா யார் புரிஞ்சுப்பா? நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் இவன் யார்கிட்டக் கையை ஆட்டுவான்?”

அப்பா ஒத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

என்னைக் காவல் வைத்தார் வாத்தியார். யார் கையைத் தூக்கினாலும் நான் சொல்லவேண்டும். அண்ணன் தூக்கினால் பிடித்து இறக்கவேண்டும். கூலியாக, ஆண்டுவிழா நாடகத்தில் டெலிபோன்காரர் வேஷம் எனக்கு. நாலாம் வகுப்பில் மரமாகவும் ஐந்தாம் வகுப்பில் குதிரையின் பின்காலாகவும் நடித்தவன் நான். தாடி என்றதும் எதற்கும் தயாரானேன்.

எங்கள் வீட்டில் காது கேட்கிறவர்கள் மூன்று பேர். ஆண்டுவிழா வரையிலான அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. அப்பா வேலையிலிருந்து வந்ததும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா குழம்பு வேண்டுமா என்று வாயை அகலமாகத் திறந்து கேட்பாள். அண்ணன் அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய்த் தட்டைப் பார்ப்பான். தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்காரப் பழகிவிட்டான். சில சமயம் விரல்கள் தாமாக அசையும். நான் எட்டிப் பிடித்து அமுக்குவேன். அவன் என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. ஒரு தடவைகூட உதறவில்லை.

மூன்று வார்த்தை வந்தது. அம்மா, அப்பா, வா. வந்தது என்று வாத்தியார் சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மலைச்சரிவில் பவர் ஹவுசுக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்கள் உண்டு. அண்ணனுக்கு அது கோயில் மாதிரி. கன்னத்தைக் குழாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். உள்ளே தண்ணீர் ஓடுகிற அதிர்வு பல்லில் தெரியும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனான். சுற்றிலும் பார்த்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு கையைத் தூக்கினான்.

என் குரல் எப்படி இருக்கிறது?

நான் பிடித்து இறக்கவில்லை. யாருமில்லை என்பதால்தான்.

அவன் மறுபடியும் கேட்டான். வாத்தியார் நல்லது என்கிறார். அம்மா அழுகிறாள். இரண்டு பேரையும் நம்ப முடியவில்லை. நீ சொல். மற்றவர்கள் மாதிரி இருக்கிறதா?

அவன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இல்லை என்றால் அவன் மேடை ஏறமாட்டான். அவன் ஏறாவிட்டால் நாடகம் இல்லை. நாடகம் இல்லாவிட்டால் தாடி இல்லை.

ஆள்காட்டி விரலை மூக்கு நுனியில் வைத்தேன். பதம்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குழாயைத் தட்டிவிட்டுச் சிரித்தான். இறங்கி வரும்போது என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான்.

விழாவுக்கு எஸ்டேட்டில் பாதி நாள் லீவு விட்டார்கள். நாலு டெஸ்க்கைச் சேர்த்து மேடை. டிஸ்பென்சரிப் பஞ்சில் தாடி. இரண்டு பவுடர் டப்பாவும் நடுவில் ஒரு கம்பியும்தான் டெலிபோன். இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அண்ணன். நான் டப்பாவில் “கேட்கிறதா?” என்பேன். அவன் என் உதட்டைப் பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி, கூட்டத்தைப் பார்த்து “அம்மா” என்று சொல்லவேண்டும். உண்மைக் கதையில் மறுகோடியில் இருந்தது வேறு ஆள். வாத்தியார் மாற்றியிருந்தார்.

நான் கேட்டேன். அண்ணன் மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சொன்னான்.

பின்வரிசையிலிருந்து யாரோ, “யாருலே அது, கன்னுக்குட்டியக் கட்டிப் போடுங்கலே!” என்றான்.

அவ்வளவுதான். கூடம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த வார்த்தை கேட்டுவிட்டது. சாகும்வரை அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் ஒரு குறை சொன்னதில்லை.

அண்ணன் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தாடி வாயை மறைத்திருந்தது. தோள் குலுங்குவதை அது மறைக்கவில்லை.

அவன் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான். டெஸ்க்கிலிருந்து இறங்கினான். கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனான். வாத்தியார் திரையை இழுத்துவிடச் சொல்லிக் கத்தினார். நான் பக்கவாட்டில் குதித்து ஓடினேன்.

அதற்கப்புறம்தான் அந்த ரோடு, கல், கோட்டு.

மூணாறு கடைவீதி தாண்டி ஒரு லாரி நின்றது. கிராண்டிஸ் என்கிற தைல மரப் பலகை ஏற்றியிருந்தது. டிரைவர் டீக்கடையில் இருந்தார். அண்ணன் அந்த வண்டியின் பின்னால் முதலமடை என்று எழுதியிருந்ததைப் பார்த்தான். வாத்தியார் அவனுக்குக் கொஞ்சம் எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். விடுவிடுவென்று பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். நானும் ஏறினேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஏ, யாருடா அது மேல? எறங்குங்கடா!” டிரைவர் டம்ளரோடு ஓடி வந்தார்.

“அவனுக்குக் காது கேக்காதுண்ணே.”

“உனக்குக் கேக்குதல்லோ? நீ எறங்கு. அதென்றா மூஞ்சில? சாமியாரு வேசமா?”

“டெலிபோன் கண்டுபிடிச்சவரு தாடிண்ணே.”

அவர் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார். “அப்பச் சரி. உங்கப்பனுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டியா?”

“அப்பாதான் அனுப்புனாரு. முதலமடைக்கு. வேலைக்கு.”

இரண்டு நாளில் இது என் இரண்டாவது பொய். கஷ்டமே இல்லாமல் வந்தது. மாங்காய் சீசன், மண்டியில் ஆள் பஞ்சம், முதலாளி கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று முனகிக்கொண்டே அவர் வண்டியை எடுத்தார். நான் ஏன் இறங்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ரோட்டில் பின்னால் வண்டி வந்தால் அவனுக்குத் தெரியாது, தனியாக விட முடியாது என்று அப்போது நினைத்தேன். அது பாதி உண்மை. அவன் என்னைப் பார்க்காமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது என்பது மீதி.

மறையூர் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும்போது குளிர் குறைந்தது. நான் தூங்கிப்போனேன்.

அப்பா எங்களைத் தேடிக் கண்டுபிடித்து வந்தது பதினோரு நாள் கழித்து. என்னைத் திட்டினார். அண்ணனைத் திட்டவில்லை. அவன் முன்னால் நின்று, அக்குளிலிருந்து கைகளை வெளியே எடுத்து, வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்பதை நான் பார்க்கவில்லை. திரும்பி நின்றுகொண்டேன். அண்ணன் மலைக்கு வரமாட்டேன் என்றான், நானும் போகவில்லை. என் படிப்பு அந்தத் தாடியோடு சரி. அப்புறம் மாங்காய், செங்கல் சூளை, லாரி கிளீனர், உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோர் காவல் என்று ஓரிடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கால் அப்படிப் பழகிவிட்டது.

உடும்பஞ்சோலையில்தான் டெலிபோன்காரரின் மீதிப் பாதியைப் படித்தேன். பழைய பேப்பர்க் கட்டில் அட்டை போன ஒரு புத்தகம் வந்தது. அவர் மனைவிக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டதாம். உலகம் முழுவதற்கும் டெலிபோன் கொடுத்தவரால் தன் மனைவியோடு அதில் ஒரு வார்த்தை பேச முடியாது. வேலை செய்யும் அறையில் அந்தச் சாமானை வைக்கவே விடமாட்டாராம், தொந்தரவு என்று. காது கேளாத பிள்ளைகளின் கைப்பேச்சைப் பள்ளிக்கூடங்களிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்று கடைசிவரை நின்றிருக்கிறார். வாத்தியார் அவரைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. அந்த மனிதரைப் புதைத்த அன்று அந்தத் தேசத்தில் டெலிபோன்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்களாம். அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோன இரண்டு மாதம்தான் ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு ஸ்டோரைச் சுற்றி வந்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது அண்ணனுக்கு எழுபது நெருங்குகிறது. தினமும் காலையில் என் போனில் அவன் முகம் வரும். எதிலாவது சாய்த்துவைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசுவான். நான் பஸ்ஸில் இருந்தால் பக்கத்து சீட்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தாடிக்காரர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

லாரிக்கு வருகிறேன்.

கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. அப்படி ஒரு வெயிலை நான் மலையில் பார்த்ததில்லை. வண்டி ஒரு பெரிய தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்றது. சுற்றிலும் வறண்ட செம்மண், வரிசை வரிசையாக மாமரம், தூரத்தில் நீலமாக மலை. மாங்காய்ப் பால் நெடி மூக்கில் ஏறியது. கொட்டகைக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் வைக்கோல் போர், இன்னொரு மூலையில் பலகையும் ஆணியும்.

அண்ணன் எனக்கு முன்பே இறங்கி நின்றிருந்தான். முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பாலக்காட்டு ராவுத்தர், மூன்று தலைமுறையாக மாங்காய் வியாபாரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஏனப்பா டிரைவரு, பலகையோட பசங்களையும் சேத்து ஏத்திட்டு வந்தியா?” என்றார். பிறகு அண்ணனிடம், “எந்த ஊருடா? என்ன வேல தெரியும்?”

அண்ணன் அவர் உதட்டையே பார்த்தான். இரண்டு மாதப் பழக்கம். கைகள் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. கேட்டுக்கு வெளியே யார் புரிந்துகொள்வார்கள் என்று வாத்தியார் சொன்ன இடம் இதுதான். அவன் மூச்சை இழுத்துத் தெரிந்த மூன்றில் ஒன்றைச் சொன்னான்.

“அப்பா.”

கொட்டகைமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது. காய் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, “மொதலாளி, உங்க மூத்த மகன் வந்துருக்கறாருங்க!” என்றாள். மற்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தார்கள்.

அண்ணன் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். அதே மாதிரி. இனி இங்கிருந்தும் நடப்பான், அடுத்த ஊருக்கு, அதற்கடுத்த ஊருக்கு, நானும் கல் எறிந்துகொண்டே பின்னால் போவேன் என்று நினைத்தேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். மேடையிலிருந்து இறங்கியபின் முதல்தடவையாக என்னைப் பார்த்தான். பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

என் குரல் எப்படி இருக்கிறது?

அவன் காது கேட்டு அறியாதவன். நன்றாயில்லை என்று சொன்னால் அது அவனுக்கு என்ன? நான் ஒரு உள்ளங்கையின்மேல் இன்னொன்றை வைத்தேன். வழுக்கினேன். பெல்ட்டு நழுவும்போது ரோல் ரூம் தரை எப்படி உதறும் என்று அவனுக்கு உள்ளங்காலில் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே நின்று, அந்த உதறலுக்கு முகத்தைச் சுளித்திருக்கிறான்.

அவ்வளவு மோசமா?

அவ்வளவு மோசம்.

அன்றைக்குக் குழாய்க்கிட்டே?

அன்றைக்கும். எனக்குத் தாடி வேண்டியிருந்தது.

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்றா நடக்குது இங்க?” என்றார் முதலாளி. “என்ன சொல்றான் அவன்?”

அண்ணன் என் தோளைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினான். பிறகு பக்கவாட்டில் வந்து, நான் பார்க்கும்படி நின்றுகொண்டு, நிதானமாகப் பேசினான். முடித்ததும் அவரைக் காட்டினான். சொல்.

சொன்னேன்.

“எங்கண்ணன் பெட்டி அடிப்பானாம். தேயிலைப் பெட்டி அடிச்சுப் பழக்கமாம். பலகையும் ஆணியும் குடுத்தா இப்பவே அடிச்சுக் காட்டுவானாம்.”

“சரி.”

அண்ணன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மீதி இருந்தது.

“கூட வந்தவனுக்கு ஒரு வேலையும் தெரியாதாம். பொய் சொல்லுவானாம். அவனை நம்பி எதையும் குடுக்க வேண்டாமாம்.”

முதலாளி சுற்றிலும் பார்த்தார். “யாருடா அந்தக் கூட வந்தவன்?”

“நாந்தாங்க.”

முதலில் அந்த அக்காதான் சிரித்தாள். பிறகு முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் அவர்கள் வாயைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கியது. அவன் தோளும் குலுங்கியது.

“அவன் சொன்னத அப்பிடியே சொல்லிப்போட்டியேடா,” என்றார் முதலாளி. “அது போதும். பெரியவன் பெட்டி அடிக்கட்டும். நீ பெட்டிக்குள்ள வைக்கோலப் பரப்பு. அவனுக்கு என்ன வேணும்னாலும் நீ வந்து எங்கிட்டச் சொல்லோணும். மொதல்ல அந்தக் கோட்டக் கழட்டு, பாக்கவே வேகுது.”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கன்னத்தில் மிச்சமிருந்த பஞ்சைப் பிய்த்தேன். தோலோடு வந்தது. அண்ணன் பலகைக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுத்தியலின் கனத்தைக் கையில் பார்த்தான். முதல் பெட்டி நான் இரண்டு கை வைக்கோல் அள்ளி வருவதற்குள் தயாராகிவிட்டது.

எனக்கு எவ்வளவு பரப்பவேண்டும் என்று தெரியவில்லை. குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தேன். என் முன்னால் ஒரு கல் விழுந்தது.

நிமிர்ந்தேன். வாய் நிறைய ஆணியோடு அண்ணன் தன் சட்டை நுனியைக் கீழே இழுத்தான். பிறகு உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். குறை, வைக்கோல் அதிகம்.

குறைத்தேன்.